இரண்டு பாத்திரங்கள்

ஒரு பக்கம் நான்கு கைகள், மறுபக்கம் மூன்று. நான்காவதாக உயர்ந்த கை என்னுடையது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஏழு பேர். எல்லாரும் ஒரே தமிழாசிரியரிடம் படித்தவர்கள். அவர் மறைந்தபின் அவர் நினைவாக ஒரு சின்ன நிதி தொடங்கினோம். பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். ஆண்டுக்கு இருபது பிள்ளைகள் வரை, தலைக்கு 300 வெள்ளி. பள்ளிச் சப்பாத்து, புத்தகம், கால்குலேட்டர், பேருந்துக் கட்டணம் என்று ஜனவரி பிறக்கும்போது கழுத்தைப் பிடிக்கும் செலவுகளுக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். நவம்பரில் கோப்பிக் கடையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பிரிப்போம்.

சென்ற ஆண்டு வந்ததில் ஒன்று ஒரு சீனப் பையனுடையது. உயர்நிலை ஒன்றுக்குப் போகிறான். பாட்டியோடு வாடகை வீட்டில் இருக்கிறான். பாட்டி அட்டைப்பெட்டிகளைச் சேகரித்து விற்பவர். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அதே மாடியில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவருடைய மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக எங்கள் நிதிதான் உதவுகிறது. பையன்கள் இருவரும் தொடக்கநிலை ஒன்றிலிருந்து இணைபிரியாத கூட்டாளிகள்.

எங்கள் விதி தெளிவாக இருக்கிறது: தமிழ் மாணவர்களுக்கு. ஆனாலும் பேச்சு நீண்டது. ஆசிரியர் இருந்திருந்தால் கொடுத்திருப்பார் என்றார் ஒருவர். ஆசிரியர் விதியை மதிப்பவர் என்றார் இன்னொருவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நமக்கு சிண்டா, மலாய்க்காரங்களுக்கு மெண்டாக்கி, அவங்களுக்கு அவங்க மன்றம். அங்க கேக்கட்டும். நம்ம பிள்ளைங்களுக்கே பத்தல.” சொன்னது பொய்யில்லை. அந்த ஆண்டு தகுதியிருந்தும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்களால் கொடுக்க முடியவில்லை.

முடிவைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தொலைபேசியில் அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. “பரவால்ல அண்ணே, வர்றதுல ரெண்டு பேருக்கும் பாத்துக்கிறேன்” என்றார். பார்த்துக்கொண்டார். பிப்ரவரியில் ரசீதுகள் வந்தபோது கால்குலேட்டர் இரண்டு, சப்பாத்து இரண்டு சோடி என்றிருந்தது. பொருளாளர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பில் வைத்தார்.

இது மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த நாள்களில் ஒரு ஞாயிறு மகளைப் பூமலைக்கு அழைத்துப் போனேன். அங்குள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கட்டணம் கிடையாது. பிள்ளை இல்லாமல் வரும் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு மகள் கேட்டாள், “யாருப்பா ஜேக்கப் பாலஸ்? பிள்ளைங்களுக்குக் கதை எழுதுறவரா?”

எனக்குத் தெரியவில்லை. எத்தனை முறை வந்திருக்கிறோம்! வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் பங்குத் தரகர். 1960களில் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர். 2000ஆம் ஆண்டில் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வந்த நன்கொடையும் சேர்ந்துதான் 2007இல் அந்தத் தோட்டம் உருவானது. அவர் சிங்கப்பூர் யூதர் சமூகத்தைச் சேர்ந்தவர். வாட்டர்லூ ஸ்திரீட்டில் தொழுகைக்கூடத்தை ஒட்டியிருக்கும் யூதர் சமூக நிலையத்துக்கும் அவர் பெயர்தான். தம் மக்களுக்கு ஒன்று, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்று. ஒரே மனிதரின் பெயர் இரண்டு இடங்களிலும் இருப்பதைப் பார்த்தபோது என் நான்காவது கை கொஞ்சம் கூசியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர்ச் செய்திகளுக்கு நடுவே ‘யூதர்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் பேச்சு உடனே இஸ்‌ரேல் பக்கம் போய்விடுகிறது. அதைப் பேச வேண்டியவர்கள் பேசட்டும். நான் எழுத வந்தது ஓர் அரசாங்கத்தைப் பற்றி அல்ல, நம் பக்கத்துத் தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஒரு சிறிய சமூகத்தைப் பற்றி.

பக்கத்துத் தெரு என்று சும்மா சொல்லவில்லை. வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போகாத சிங்கப்பூர்த் தமிழர் குறைவு. குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தெருவில் பிராஸ் பசா பக்கமாக நடந்தால் 1878இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் தொழுகைக்கூடம் வரும். தென்கிழக்காசியாவில் இன்னும் நிற்கும் யூதர் தொழுகைக்கூடங்களில் இதுவே பழமையானது. பெரும்பாலும் பாக்தாத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது. வீட்டில் அரபு பேசியவர்கள் அவர்கள். மிடில் ரோடு, சிலிகி ரோடு, ஷார்ட் ஸ்திரீட் சுற்றுவட்டாரத்தை ‘மகல்லா’ என்று அழைத்தார்கள். தேக்காவிலிருந்து இறங்கி வந்தால் சிலிகி ரோட்டு முனையில் வளைவாக ஒரு பழைய கட்டடம் நிற்கிறதே, எலிசன் கட்டடம், அதன் நெற்றியில் 1924 என்ற ஆண்டும் ஆறுமுனை நட்சத்திரமும் இருக்கும். சிறுவயதில் அதை முருகனின் சட்கோணம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான். அது தாவீதின் நட்சத்திரம்.

யூதர் என்றால் பணக்காரர் என்று ஒரு பேச்சு உண்டு. மகல்லாவில் இருந்தவர்களில் பலர் ஏழைகள். பணக்காரர்களும் இருந்தார்கள்தான். அவர்களில் பெரிய கை மனாசே மேயர். அபினி வணிகத்தில் தொடங்கி நிலம், வீடு என்று வளர்ந்தவர். அந்தப் பணத்தின் தொடக்கத்தை நான் மெழுகப் போவதில்லை. 1905இல் ஆக்ஸ்லி ரைசில் தம் நிலத்திலேயே இரண்டாவது தொழுகைக்கூடத்தைக் கட்டினார். எல்லா இனத்தவரும் படிக்கும் ராஃபிள்ஸ் கல்லூரிக்கும் கொடுத்தார். புக்கிட் தீமா வளாகத்தில் அவர் பெயரில் ஒரு கட்டடம் இன்றும் இருக்கிறது.

பணம் இருப்பவர் இரண்டு பக்கமும் கொடுக்கலாம். எங்களைப் போல் 300 வெள்ளியை எண்ணி எண்ணிக் கொடுப்பவர்கள் என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு படித்துக்கொண்டே போனபோதுதான் அந்த இரண்டு பாத்திரங்கள் கண்ணில் பட்டன.

யூதர்களின் பழைய சட்ட நூல்களில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு இது. ஊருக்கு இரண்டு பொதுப் பாத்திரங்கள். ஒன்றின் பெயர் ‘கூப்பா’. அது பணப் பெட்டி. வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, அந்த ஊர் ஏழைகளுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் கொடுப்பார்கள். இன்னொன்று ‘தம்ஹூய்’. அது சோற்றுத் தட்டு. வீடு வீடாகச் சேகரித்த உணவை அன்றன்றே பசித்தவர்களுக்குக் கொடுப்பது. கூப்பா உள்ளூர் ஏழைகளுக்கு. தம்ஹூய் எங்கிருந்து வந்தவருக்கும்.

கணக்கும் கறாரானது. அன்றைக்கு இரண்டு வேளை சாப்பாடு கையில் இருந்தால் தட்டில் கை வைக்கக்கூடாது. பதினான்கு வேளைக்கு இருந்தால் பெட்டியிடம் வரக்கூடாது. நாளுக்கு இரண்டு வேளை என்றால் பதினான்கு வேளை ஒரு வாரம். பெட்டிக்குப் பணம் வசூலிக்க இருவர் சேர்ந்துதான் போக வேண்டும். பங்கிட மூவர் உட்கார வேண்டும், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு என்பது தீர்ப்பு மாதிரி. தீர்ப்புக்கு மூவர். கோயில் உண்டியல் எண்ணும்போது நாம் ஆள் வைத்துப் பார்க்கிறோமே, அந்த அக்கறைதான். பசி என்று வந்தவரிடம் விசாரணை கூடாது, முதலில் சோறு. துணிமணி கேட்டு வந்தவரை வேண்டுமானால் விசாரிக்கலாம்.

என்னை உட்காரவைத்தது இன்னொரு விதி. உதவி வாங்கும் ஏழையும் தன்னிடம் இருப்பதில் சிறிது பிறருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் கடமை பணக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. அதை வாசித்தபோது இரண்டு கால்குலேட்டர் ரசீது நினைவுக்கு வந்தது.

இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘செதாகா’. அதன் வேர் நீதி. இரக்கப்பட்டுக் கொடுப்பது என்பதைவிடச் சேர வேண்டியதைச் சேர்ப்பது என்ற பொருள். நமக்கு இது புரிவதில் சிரமம் இருக்காது. அறத்துக்கும் ‘தருமம்’ என்கிறோம், “அம்மா, தருமம் போடுங்க” என்று வாசலில் கேட்பதும் அதே சொல்தான். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்த மைமோனிடிஸ் இந்தச் செதாகாவுக்கு எட்டுப் படிகள் வகுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது அடிப்படி. மேற்படி எது? கடன் கொடுத்தோ, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டோ, வேலை பார்த்துக் கொடுத்தோ ஒருவர் இனிக் கையேந்த வேண்டாதபடி செய்வது.

இந்த மேற்படியில் ஏறிப் பார்த்தவர்கள் நியூயார்க்கில் உண்டு. 1892இல் ஏழை யூதக் குடியேறிகள் நிறைந்த பகுதியில் வட்டியில்லாக் கடன் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். கையில் இருந்த முதல் நூறு டாலர்கூட இல்லை. ஐந்து டாலர், பத்து டாலர் கடன், தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் ஆகும். நகை அடகு இல்லை, ஆள் ஜாமீன் போதும். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. பெயரில் ‘ஹீப்ரு’ இருக்கிறது, கடன் எந்த மதத்து நியூயார்க்வாசிக்கும் கிடைக்கிறது.

சரி, பிற இனத்து ஏழைகள்? உள்ளூர் ஏழைக்கே முன்னுரிமை என்பது அவர்கள் சட்டம். அதே சட்டம் யூதரல்லாத ஏழைகளையும் நம் ஏழைகளோடு சேர்த்தே தாங்கு, அவர்கள் நோயாளிகளைப் போய்ப் பார், அவர்கள் இறந்தால் அடக்கம் செய் என்கிறது. காரணமாகச் சொல்வது ‘சமாதானத்தின் வழி’. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமலிருக்கக் கொடுப்பதா என்று தோன்றியது. யூத அறிஞர்களே இதைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். வெறும் தற்காப்பு என்பாரும் உண்டு, சமாதானமே உயர்ந்த நோக்கம் என்பாரும் உண்டு. நான் இப்போது இரண்டாவது கட்சி. புளோக்கில் ஒரே மாடியில் வாழும் நமக்குச் சமாதானத்தைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்?

இந்த இரண்டு பாத்திரங்களையும் ஒரே ஆள் தூக்கிப் பார்த்தது நம் ஊரில்தான் என்று நினைக்கிறேன். டேவிட் மார்ஷல். நம் முதல் முதலமைச்சர் என்று பள்ளியில் ஒரு வரியில் படித்திருப்போம். 1908இல் இங்கே பிறந்த பாக்தாத் யூதக் குடும்பத்துப் பிள்ளை. போரில் தொண்டூழியப் படையில் சேர்ந்து, ஜப்பானியரிடம் பிடிபட்டு, ஹொக்காய்டோவுக்குக் கொண்டுபோகப்பட்டவர். இங்கிருந்த யூதர்களையும் ஜப்பானியர் விட்டுவைக்கவில்லை. 1943 முதல் பலரைச் சாங்கியிலும் பிறகு சைம் ரோட்டிலும் அடைத்தார்கள். போர் முடிந்தபோது மகல்லாவில் வீடும் வேலையும் இல்லாதவர்கள் நிறைய. 1946இல் யூதர் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் மார்ஷல். அது கூப்பா. தன் ஊர், தன் சனம்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் முதலமைச்சர். பிரிட்டிஷ் ஆளுநருக்கு அவருக்கு ஓர் அலுவலகம் கொடுக்கவே மனமில்லை. மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று மிரட்டியபின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கிடைத்தது. அந்த மனிதர்தான், குறை இருப்பவர் யாராக இருந்தாலும் நேரில் வந்து சொல்லலாம் என்று மக்கள் சந்திப்பைத் தொடங்கினார். இன்று நீங்களும் நானும் வீவக கடிதத்தை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போய், எண் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறோமே, அதன் தொடக்கம் 1955இல் அவரிடம். வருபவர் என்ன இனம் என்று கேட்டு எண் கொடுப்பதில்லை. அது தம்ஹூய்.

தன்னாட்சிப் பேச்சு தோற்றதும் சொன்ன சொல்படி 1956இல் பதவி விலகினார். அதே ஆண்டு சீனாவுக்குப் போனார். சூ என்லாயைச் சந்தித்தபோது இரண்டு விஷயங்களைப் பேசினார். ஒன்று, ஷாங்காயிலிருந்து வெளியேற அனுமதி கிடைக்காமல் தவித்த யூதர்கள். மற்றொன்று, சிங்கப்பூரில் குடியுரிமை இல்லாமல் இருந்த சீனர்களின் நிலை. அவர் பெரும்பாலும் எதற்காகப் போனார், எதை இடையில் சேர்த்துக்கொண்டார் என்று வரலாற்று ஆசிரியர்கள் பிரித்துப் பார்க்கலாம். என்னால் பிரிக்க முடியவில்லை.

இதற்கெல்லாம் விலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஹையாஸ்’ என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பி ஓடிவந்த யூதர்களுக்கு உதவ நியூயார்க்கில் பிறந்தது. 1975க்குப் பிறகு வியட்னாம் அகதிகளைக் குடியமர்த்தவும் கைகொடுத்தது. பிற்பாடு அது உதவும் அகதிகளில் பெரும்பாலோர் யூதரல்லாதவர்கள் என்றானது. முன்பு வந்தவர்கள் யூதர்கள் என்பதற்காக உதவினோம், இப்போது நாம் யூதர்கள் என்பதற்காக உதவுகிறோம் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் விளக்கத்தின் சாரம். எல்லா யூதரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. நம் பள்ளிக்கும் நம் முதியோருக்கும் பணம் போதாதபோது வெளியே ஏன் என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். கோப்பிக் கடையில் நான் பேசிய அதே பேச்சு.

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை. பிட்ஸ்பர்க்கில் ஒரு தொழுகைக்கூடத்தில் துப்பாக்கியோடு நுழைந்தவன் 11 பேரைக் கொன்றான். ஹையாஸ் வெளியாள்களைக் கொண்டுவந்து குவிக்கிறது என்று சற்று முன்னர்தான் இணையத்தில் எழுதியிருந்தான். அந்தக் கட்டடத்தில் தொழுத மூன்று சபைகளில் ஒன்று, ஹையாசின் அகதிகளுக்கான ஓய்வுநாள் நிகழ்ச்சியில் பங்கெடுத்த சபை. பிறருக்கு உதவியதற்காகவே குறிவைக்கப்பட்டார்கள். அதன்பின்னும் ஹையாஸ் அந்த வேலையை விடவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக அமெரிக்க முஸ்லிம் அமைப்புகள் பணம் திரட்டின. சில நாள்களில் அது 200,000 டாலரைத் தாண்டியது.

எங்கள் நிதிக்கு இப்படிப்பட்ட ஆபத்து எதுவும் கிடையாது. மிஞ்சிப்போனால் யாராவது வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆசிரியர் பெயரிலான நிதி அப்படியே இருக்கட்டும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு. அதில் கை வைக்க வேண்டாம். அது எதற்கென்று சொல்லி வாங்கிய பணம். பக்கத்தில் சின்னதாக இரண்டாவது டப்பா ஒன்று. எங்கள் பிள்ளைகளின் மாடியில், எங்கள் பிள்ளைகளின் வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும். பொருளாளர் உடனே அழைத்தார். “ரெண்டாவது டப்பாவுல யாரு போடுவா? முதல் டப்பாதான காலியாகும்?” நியாயமான கேள்வி. அவர் போன ஆண்டு ‘கொடுக்கலாம்’ என்று கை தூக்கிய மூவரில் ஒருவர், இப்போது அவருக்குத்தான் பயம். நான் முதல் டப்பாவுக்கு வழக்கமாகப் போடுவதைக் குறைக்காமல் இரண்டாவதில் 100 வெள்ளி போடுவதாகச் சொன்னேன். “உங்க ஒரு ஆளு நூறு வெள்ளிக்கு எதுக்கு ஒரு டப்பா” என்றார். இழுபறியில் இருக்கிறது. தோற்கவும் கூடும்.

பங்கிட மூவர் வேண்டும் என்ற விதியை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன். நானும் பொருளாளரும் இருக்கிறோம். மூன்றாவது ஆளாக இருக்க முடியுமா என்று அந்தப் பெண்மணியை அழைத்துக் கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சனிக்கிழமை ராத்திரி எனக்கு ஷிஃப்ட்டு அண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில வச்சா வர்றேன்” என்றார்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம்.